முகத்தைப் பார்க்கவா, கையைப் பார்க்கவா? ஹோல்டம் மேசையில் எதிராளியைப் படிப்பது

பத்தாங்_பையன் கேட்டது:

வணக்கம் அண்ணன்மாரே. நமக்கு ஊரு பத்தாங் பெர்ஜுந்தை. பலகையில பெஸ்தாரி ஜெயான்னு எழுதியிருக்கும், வாயில வர்றது பழைய பேருதான். சனிக்கிழமை ராத்திரி தோட்டத்து மண்டபத்துல ஒம்போது பேரு உட்கார்ந்து ஹோல்டம் (ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு வர்ற போக்கர்) ஆடுறோம். காசு கிடையாது, புள்ளி மட்டும். ஆளுக்கு 2,000 புள்ளிக்குச் சிப்பு. பிளைண்ட் (சீட்டு வர்றதுக்கு முந்தி ரெண்டு பேரு கட்டாயமா வைக்கிறது) 10-20ல ஆரம்பிச்சு 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ ஏறும். டீலர்னு தனியா ஆள் இல்ல, கைமாத்திச் சீட்டுப் போடுறோம்.

சீட்டுக் கணக்கு எனக்கு ஓரளவு வரும். ஆளைப் படிக்கிறதுதான் வரல. இணையத்துல தேடுனா கண்ணச் சிமிட்டுனா இது, மூக்கத் தொட்டா அதுன்னு போட்டிருக்காங்க. மேசையில ஒண்ணும் ஒத்துவரல லா. கேள்வி மூணு:

1. எட்டுப் பேரை ஒரே நேரத்துல பார்க்க முடியாது. எதை முதல்ல பார்க்கிறது?
2. பெரிசா பெட் வைக்கிறப்ப ஒருத்தருக்குக் கை நடுங்குது. அது பிளஃபா, நல்ல சீட்டு இல்லாம சும்மா மிரட்டுறதா?
3. பெட் வச்சிட்டுச் சிலர் வாய் ஓயாம பேசுறாங்க, சிலர் சிலை மாதிரி உட்கார்ந்திருக்காங்க. யாருகிட்ட நல்ல சீட்டு?

---

செம்பனைக்காடு:

தம்பி, மூக்கை விடு. அரித்தாலும் தொடுவார்கள்.

முதல் 30, 40 கை (ஆட்டச் சுற்று) வரைக்கும் யாரைப் பற்றியும் முடிவுக்கு வராதே. ஒவ்வொருவருக்கும் ஒரு சாதாரண நிலை இருக்கும். சிப்பை எப்படி அடுக்குகிறார், எந்தக் கையால் தள்ளுகிறார், சீட்டை எடுத்துப் பார்க்க எவ்வளவு நேரம், தன் முறை வரும் முன்பே பார்த்துவிடுகிறாரா, வாயாடியா, ஊமையா. இதை முதலில் பிடித்து வை. அதிலிருந்து அவர் எப்போது விலகுகிறார் என்பதுதான் செய்தி. நாள் முழுக்க செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து உட்காருபவருக்கு தே ஓ குவளையைத் தூக்கினாலே கை ஆடும். அவர் நடுக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கணக்குப் போடுகிறவன்தான் மாட்டுவான்.

எட்டுப் பேரையும் பார்க்க வேண்டாம். உனக்கு இடப்பக்கம் இருக்கும் இரண்டு பேரைப் பார். உனக்குப் பின்னால் முடிவு சொல்லப் போகிறவர்கள் அவர்கள்தான். பழகாத ஆட்டக்காரர் சீட்டு வந்த உடனே பார்த்துவிடுவார். பிடிக்காத சீட்டென்றால் இரண்டு விரலில் கவ்விக்கொண்டு, தூக்கிப் போட ரெடியாக இருப்பார். பிடித்த சீட்டென்றால் அதன் மேல் ஒரு சிப்பை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். இரண்டு பேருமே சீட்டைப் போட்டுவிட்டு விலகப் போகிறார்கள் என்று தெரிந்தால் உன் இடம் இரண்டு இடம் பின்னுக்குத் தள்ளிப்போன மாதிரி. சுமாரான சீட்டிலும் ரேஸ் பண்ணலாம், அதாவது பெட்டை ஏற்றலாம்.

இது வேலை செய்ய ஒரு நிபந்தனை: சீட்டு வந்ததும் நீ உன் சீட்டைப் பார்க்கக்கூடாது. மற்றவர்கள் பார்ப்பதைப் பார். உன் முறை வந்ததும் உன்னுடையதை எடு. ஃபிளாப்பிலும் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) இதே. மூன்று சீட்டும் மேசையைவிட்டு எங்கேயும் ஓடாது. அது திறந்த முதல் இரண்டு, மூன்று விநாடிதான் எதிராளி தன்னை மறந்திருக்கும் நேரம். ஃபிளாப்பைப் பார்த்த கண் சட்டென்று தன் சிப்புக் குவியலுக்குப் போய்த் திரும்பினால் பெட் வரப்போகிறது, அதுவும் பொய்யாக இருக்காது. ஃபிளாப்பையே முறைத்துக்கொண்டு இருக்கிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஒட்டவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்.

நடுக்கம்: எப்போதும் நடுங்காத கை, பெரிய பெட்டின்போது திடீரென்று நடுங்கினால் பிளஃப் என்று நினைத்துக் கால் பண்ணாதே (அந்தப் பெட்டுக்கு ஈடு வைக்காதே). முக்கால்வாசி நேரம் அது பலமான சீட்டு. பிளஃப் பண்ணுகிறவன் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். தோள், விரல், மூச்சு எல்லாம் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். நல்ல சீட்டு வந்தவனுக்கோ காத்திருந்த இறுக்கம் அவிழ்கிறது, உடம்பில் அட்ரினலின் ஓடுகிறது, விரல் ஆடுகிறது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது, ஏனென்றால் நடுக்கம் என்றாலே பயம் என்றுதான் சின்ன வயதிலிருந்து மனதில் பதிந்திருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கும் அதே காரணம்தான் பதில். பெட் வைத்த பிறகு இலகுவாகப் பேசுகிறவர், கேட்டதற்கெல்லாம் முழுசாகப் பதில் சொல்கிறவர், நாற்காலியில் அசைந்து உட்காருகிறவர் கையில் சரக்கு இருக்கும். "சின்ன ஜோடிதான் தம்பி, பயப்படாதே" என்று பெரிய பெட்டோடு சொன்னால் இன்னும் மோசம், உன் சீட்டைப் போட்டுவிடு. பெட் வைத்துவிட்டு நடு மேசையில் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டு, கேள்வி கேட்டால் அரைச் சிரிப்போடு நிறுத்துகிறவர் மேல்தான் சந்தேகம் வைக்கலாம். ஆனால் எப்போதும் பேசுகிறவர் திடீரென்று மௌனமானால்தான் அது குறி. எப்போதும் மௌனமாக இருப்பவரின் மௌனத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

---

நாலாம்_பிரிவு:

செம்பனை அண்ணே சொன்னது சரி. ஆனா ஃபிளாப்பை முறைச்சுப் பார்க்கிற கதைய நான் அவ்வளவா நம்ப மாட்டேன். மண்டபத்து லைட்டுல ஹார்ட்டா டைமனான்னு தெரியாம முறைக்கிற ஆளுங்க நெறைய.

உடம்பைப் படிக்கிறதுக்கு முந்தி பெட் அளவைப் படிங்க. காத்தாடி காத்து, கண்ணாடி, தூக்கம், எதுவும் இதக் கெடுக்காது. பழகாத மேசையில நான் நம்புறது இதெல்லாம்:

எப்பவும் 3 மடங்கு பிளைண்டுக்கு ரேஸ் பண்ற ஆளு திடீர்னு 5, 6 மடங்கு வச்சா அது ஏஸ் ஜோடி இல்ல. ஜாக் ஜோடி, பத்து ஜோடி. ஃபிளாப்பைப் பார்க்கவே பயந்து எல்லாரையும் விரட்டுறாரு. ஏஸ் ஜோடி வந்தா அதே ஆளு 2 மடங்குதான் வைப்பாரு, விருந்தாளி ஓடிடக் கூடாதுல்ல.

முதல்ல சும்மா கால் பண்ணிட்டு, பின்னாடி ஒருத்தர் ரேஸ் பண்ணதும் திருப்பி ரேஸ் பண்ணா ஏஸ் ஜோடி, இல்ல கிங் ஜோடி. ரம்மி ஆடிப் பழகுனவங்ககிட்ட இது ரொம்ப. ஒளிச்சு வைக்கிறது அவங்களுக்குக் கைவந்த கலை.

டர்ன்ல (நாலாவது பொதுச் சீட்டு) நீங்க 300 வச்சு, அமைதியான ஆளு 600ன்னு குறைஞ்ச அளவுக்கு ரேஸ் பண்ணா, ஒரு ஜோடிய வச்சுக்கிட்டு அங்க நிக்காதீங்க. ரெண்டு ஜோடி, மூணு ஒரே சீட்டு, அதுக்கும் மேல. பிளஃப் பண்றவன் ஒங்கள விரட்டணும்னு நினைப்பான், இவ்வளவு மலிவா விலை சொல்ல மாட்டான்.

பாட் (நடுவுல சேர்ந்த புள்ளி) 1,000 இருக்கப்ப 100 வச்சா, செக் பண்ணவும் (ஒண்ணும் வைக்காம விடவும்) மனசு இல்ல, பெரிசா வைக்கவும் தைரியம் இல்ல. சுமார் ஜோடி, இல்ல டிரா (இன்னொரு சீட்டு வந்தாத்தான் முழுசாகிற கை). இதுக்கு ரேஸ் பண்ணுங்க.

நேரமும் பெட் மாதிரிதான். பெட் வச்ச உடனே, யோசிக்காம கால் பண்றாருன்னா ரேஸ் பண்ணலாமான்னு அவரு யோசிக்கவே இல்லைன்னு அர்த்தம். பெரிய கையா இருந்தா கண்டிப்பா யோசிச்சிருப்பாரு. அதனால டிரா, இல்ல நடுத்தர ஜோடி. ரொம்ப நேரம் பெருமூச்சு விட்டு, தலைய ஆட்டி, அப்புறம் ரேஸ் பண்ணா அது நாடகம், பெரிய கை. இதுல ஒரு சிக்கல்: டீலர் இல்லாத ஆட்டத்துல முறை தன்னதுன்னே தெரியாம போன் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அந்தத் தாமதத்தை யோசனைன்னு எடுத்துக்காதீங்க. கை நடக்கிறப்ப போன் கூடாதுன்னு மேசையில ஒரு சட்டம் போடுங்க. ஆட்டமும் வேகமாகும், படிக்கவும் முடியும்.

இன்னொண்ணு. வாயத் திறக்காம பெரிய சிப்பு ஒண்ணு மட்டும் போட்டா அது கால்தான், ரேஸ் இல்ல. சூதாட்டக் கூடங்கள்ல பொதுவான விதி அது. ஒங்க மேசையில இத முன்னாடியே பேசி வைக்கலைன்னா, 100 சிப்பைத் தூக்கிப் போட்டவரு ரேஸ்னு ஒருத்தரும் கால்னு ஒருத்தரும் நினைச்சுச் சண்டைதான் வரும்.

---

ரம்மிராஜா:

நான் ஒண்ணே ஒண்ணு சேர்க்குறேன். நீங்க பெட் வைக்கச் சிப்பை எடுக்குறப்ப எதிராளியும் தன் சிப்புக்குக் கைய கொண்டு போறாருன்னா, "வை பார்க்கலாம், நான் ரெடி"ன்னு மிரட்டுறாரு. நெஜமா நல்ல சீட்டு இருக்கிறவரு அசையாம காத்திருப்பாரு, நீங்க வைக்கணும்னு வேண்டிக்கிட்டு. மிரட்டுனா வைங்க.

சனிக்கிழமை ராத்திரி டிவியில பந்து ஓடுற எடத்துல ஆடாதீங்க. பாதிப் பேரு முகத்துல தெரியிற சோகம் லிவர்பூல் சோகம்.

---

மழைக்காகிதம்:

முகமா கையா என்ற தலைப்புக்கு ஆய்வு ஒன்றே இருக்கிறது. 2009 உலகப் போக்கர் தொடர் ஒளிபரப்பிலிருந்து வெட்டிய சின்னத் துண்டுகளைப் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு ஆட்டக்காரரின் முகம் மட்டும், சிலருக்குச் சிப்பைத் தள்ளும் கை மட்டும். கையில் எவ்வளவு நல்ல சீட்டு என்று ஊகிக்கச் சொன்னார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் குருட்டு ஊகத்தைவிடவும் மோசம். கையைப் பார்த்தவர்கள் அதைவிட நன்றாகச் சொன்னார்கள். மைக்கேல் ஸ்லெப்பியனும் கூட்டாளிகளும் 2013-இல் வெளியிட்டது. தடங்கலில்லாமல், வழுக்கிப் போகும் கை அசைவுக்குப் பின்னால் நல்ல சீட்டு இருந்தது.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். முகத்தைக் காக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அங்கே பொய் சொல்கிறார்கள். முழங்கைக்குக் கீழே யாரும் காவல் போடுவதில்லை. ஆகவே பெட் வைக்கும்போது சிப்பு போகும் வழியைப் பாருங்கள். ஒரே நேர்க்கோட்டில் போய் நிற்கிறதா, பாதியில் நின்று அளவு மாறுகிறதா, வழக்கத்துக்கு மாறாக எறிகிறாரா. வேகமாக எறிவது பலம் காட்டும் முயற்சி, அதைத் தடங்கலில்லாத அசைவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள், நல்ல மேசை, சரியான சிப்பு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மெழுகுத்துணி விரித்த மேசையில் லேசான சிப்பைத் தள்ளும்போது எல்லார் கையும் வழுக்கத்தான் செய்யும்.

காசு இல்லாமல் ஆடுவது நல்லது. பந்தயம் வைத்து மண்டபத்தில் ஆடினால் மலேசியாவின் 1953-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டக் கூடச் சட்டம் குறுக்கே வரும். அதே நேரத்தில், காசு இல்லாத ஆட்டத்தில் உடல் குறி குறைவாகத்தான் கிடைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இழப்பது ஒன்றுமில்லாதவருக்கு நடுங்க என்ன இருக்கிறது?

---

பத்தாங்_பையன்:

நன்றி அண்ணன்மாரே. நடுங்குற ஆளு குலை வெட்டுறவருதான், எப்படிக் கண்டுபிடிச்சீங்க!

ஒரு கைய வச்சுக் கேட்கிறேன். பிளைண்ட் 50-100. ஒரு பெரியவரு, அதிகம் ரேஸ் பண்ணாதவரு, சும்மா கால் பண்ணாரு. நம்மகிட்ட ஸ்பேட் ஏஸ், ஹார்ட் குயின். 400க்கு ரேஸ். அவரு மட்டும் கால், மத்தவங்க சீட்டப் போட்டுட்டாங்க. ஃபிளாப் ஸ்பேட் குயின், ஸ்பேட் எட்டு, டைமன் மூணு. அவரு செக், நாம 500, ஒடனே கால். டர்ன் கிளாவர் ரெண்டு. செக், 1,000, மறுபடி ஒடனே கால். ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) ஸ்பேட் கிங். இந்தத் தடவ அவரே 2,000 வச்சு "சின்னதுதான் தம்பி, பார்த்துக்க"ன்னு சிரிக்கிறாரு. ரெண்டு பேருகிட்டயும் இன்னும் சிப்பு இருக்கு. கால் பண்ணலாமா?

---

நாலாம்_பிரிவு:

கால் வேணாம், சீட்டப் போட்டுடுங்க. ஆனா கணக்கோட போடுங்க.

பாட்: ஃபிளாப்புக்கு முந்தி 400, 400, பிளைண்ட் 150, ஆக 950. ஃபிளாப்புல 1,000 சேர்ந்து 1,950. டர்ன்ல 2,000 சேர்ந்து 3,950. அவரு 2,000 வச்சதும் 5,950. நீங்க 2,000 குடுத்தா மொத்தம் 7,950. ஒங்களுக்கு வேண்டியது 25 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. அதாவது நாலு தடவையில ஒரு தடவ நீங்க ஜெயிச்சா கட்டுப்படியாகும்.

இப்ப அவருகிட்ட என்ன இருக்கலாம்? சும்மா கால், அப்புறம் 400க்கும் கால். ஒடனே ஒடனே ரெண்டு கால். மூணு ஒரே சீட்டு (எட்டோ மூணோ) சேர்ந்திருந்தா ரெண்டு ஸ்பேட் கெடக்கிற ஃபிளாப்புல ஒரு நிமிஷமாவது ரேஸ் பண்ணலாமான்னு தயங்கியிருப்பாரு. அதனால அஞ்சு ஸ்பேட் சேரக் காத்திருந்த ஸ்பேட் டிராதான் முன்னால நிக்குது. ஸ்பேட்ல குயின், எட்டு, கிங் வெளிய தெரியுது, ஏஸ் ஒங்ககிட்ட. மிச்சம் ஒம்போது. அதுல மூணையும் ரெண்டையும் விட்டுட்டு, ஒட்டி ஒட்டியோ ஒண்ணு விட்டோ வர்ற ஜோடிகள மட்டும் எடுத்தா: ஜாக்-பத்து, ஜாக்-ஒம்போது, பத்து-ஒம்போது, ஒம்போது-ஏழு, ஏழு-ஆறு, ஏழு-அஞ்சு, ஆறு-அஞ்சு, ஆறு-நாலு, அஞ்சு-நாலு. ஒம்போது வகை. கிங்-குயின் இருந்தா ரிவர்ல ரெண்டு ஜோடி ஆயிடும். மிச்சக் கிங் மூணு, குயின் ரெண்டு, ஆறு வகை. ஆக ஒங்கள ஜெயிக்கிறது 15.

25 சதவீதம் வரணும்னா, ஒங்ககிட்ட தோக்குற கை அஞ்சு வகையாவது இருந்து, அதையும் அவரு இப்படியே ஆடணும். குயின்-ஜாக் எட்டு வகை இருக்கு, குயின்-பத்து எட்டு இருக்கு. எண்ணிக்கைய மட்டும் பார்த்தா 16 இருக்கேன்னு கால் பண்ணத் தோணும். தப்பு நடக்கிறதே இங்கதான். அந்தக் கைய வச்சிருக்கிற அமைதியான பெரியவரு, மூணாவது ஸ்பேட்டும் அதுவும் கிங்கும் விழுந்த எடத்துல தானே முன்வந்து 2,000 வைக்க மாட்டாரு. செக் பண்ணி விலை கேட்பாரு. 16ல ஒண்ணு ரெண்டைத் தவிர மிச்சத்த அழிச்சிடுங்க. சிரிப்பும் "சின்னது"ம் அதுக்கு மேல வந்த முத்திரை. அது இல்லாட்டியும் போட வேண்டிய கைதான்.

---

செம்பனைக்காடு:

நாலாம் பிரிவு, கணக்கு அழகு. ஒரே ஒரு கேள்வி விட்டுப்போச்சு. தம்பி, ரிவரில் ஸ்பேட் விழுந்ததும் பெரியவர் தன் சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தாரா?

பார்த்திருந்தால் கதை கொஞ்சம் மாறும். இரண்டு ஸ்பேட் வைத்துக்கொண்டு டிராவுக்காக 1,500 கொடுத்தவருக்குத் தன் கையில் என்ன ஜாதி என்று மறக்காது. திரும்பிப் பார்க்கிறவர், இரண்டு சீட்டும் வேறு வேறு ஜாதி, அதில் ஒன்று ஸ்பேட்டா என்று நினைவில்லாதவர். அந்த ஒம்பது வகை அங்கேயே சுருங்கிவிடும். கிங்-குயின் ஆறு நிற்கும், அதைப் போன்ற குயின் கைகளும் மறுபடி உள்ளே வரும். அப்போது ஆறுக்கு எதிரே இரண்டு கிடைத்தாலே 25 சதவீதம் வந்துவிடுகிறது. பாதிக்குப் பாதியான இடத்தில் ஒரு குறி இப்படித்தான் தராசைச் சாய்க்கும். பார்க்கவில்லை என்றால் நாலாம் பிரிவு சொன்னதுதான்.

---

பத்தாங்_பையன்:

நான் அந்த நேரத்துல என் சீட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

---

மழைக்காகிதம்:

அப்படியானால் பெரியவர் உங்களைப் படித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமைக்கு: உங்கள் சீட்டை ஒரே தடவை பார்த்து, இரண்டின் எண்ணையும் ஜாதியையும் மனதில் சொல்லிக்கொண்டு, மேலே ஒரு சிப்பை வைத்து மூடுங்கள். திரும்பத் தொட வேண்டாம். நல்ல கை, கெட்ட கை எதுவானாலும் முடிவு சொல்லும் முன் மூன்று வரை எண்ணுங்கள். பெட்டை வாயால் சொல்லிவிட்டுச் சிப்பைத் தள்ளுங்கள். ஒம்பது பேர் மேசையில் நான்கில் மூன்று கை நீங்கள் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். தே தாரே வாங்க எழுந்து போகிற நேரம் அதுவல்ல. யாராவது கடைசியில் சீட்டைத் திறந்தால், அவர் ஃபிளாப்பில் எவ்வளவு நேரம் எடுத்தார், டர்னில் எவ்வளவு வைத்தார் என்று பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு குறி என்று நாலு பேருக்கு நாலு குறி. ஒரு ராத்திரிக்கு அது போதும். ஒரே தடவை பார்த்ததைப் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள், மூன்றாம் தடவை ஒத்துவந்தால் பேனாவில்.

---

ரம்மிராஜா:

பெரியவரு இந்தப் பக்கத்தப் படிக்கலைன்னு உறுதியா தெரியுமா தம்பி?